கடைசி வண்டிக்கு ஏசி காரில் போகாதீர்கள்

மூடப்போகும் ரயில் பாதையின் கடைசி ஓட்டத்தைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் வந்து எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று கேட்கிறார்கள். எந்தக் காரில் போகலாம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

2010 செப்டம்பரில் செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதை வேலைக்காக மூடினார்கள். ரயில் பைத்தியம் பிடித்த யாருக்கும் அந்த 49 கிலோமீட்டரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 1904-இல் திறந்த பாதை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் ரயில் பாதையின் ஒரு பகுதி. பகவதிபுரத்தைத் தாண்டினால் மலையைக் குடைந்த குகை. பிறகு ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண் என்று காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும். முன்னால் ஒரு ஒய்டிஎம்4 டீசல் இன்ஜின், பின்னால் இன்னொன்று. புனலூரிலிருந்து ஏறி வரும்போது பின்னால் இருப்பது தள்ளும். ஆல்கோ வம்சத்து இன்ஜின்கள் என்பதால் டிரைவர் திராட்டிலைத் திறந்த மாத்திரத்தில் கரும்புகை குப்பென்று எழும். படமெடுக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதின்மூன்று கண் பாலம். நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்கிறது. கருங்கல் தூண்களும் வளைவுகளுமாக முழுப் பாலமும் சாலையில் நின்றாலே தெரியும். மலையேறத் தேவையில்லை, காட்டிலாகாவிடம் போய் நிற்கவும் வேண்டாம். கடைசி நாளுக்கென்று நான் மனதில் வைத்திருந்தது ஒரே ஒரு படம்தான். ஏறி வரும் வண்டியின் இரண்டு இன்ஜின்களும் ஒரே சட்டத்துக்குள், நடுவில் பெட்டிகள், கீழே பதின்மூன்று வளைவுகள். முன் இன்ஜின் பாலத்தின் ஒரு கோடியைத் தொடும்போது பின் இன்ஜின் எங்கே இருக்கும் என்று காகிதத்தில் வரைந்தே வைத்திருந்தேன்.

உங்களுக்கும் சென்னையில்தான் வேலை, சனி ஞாயிறுதான் விடுமுறை என்றால் எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி காலையில் செங்கோட்டையில் இறங்கியிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான். அங்கே வாடகைக்குக் கார் பிடித்தோம். நான் கேட்டது பழைய அம்பாசடர். உடன் வந்தவர், பெயர் வேண்டாம், இந்த வட்டாரத்தில் எல்லாரும் அவரை அறிவார்கள், "ராத்திரி முழுக்க ஸ்லீப்பர்ல புழுங்கிட்டு வந்திருக்கோம், ஏசி வண்டியே எடுத்துருவோம்" என்றார். காசை அவர் போட்டார். காசு போட்டவர் பேச்சு செல்லும்.

தென்மலைப் பக்கம் இறங்கி, ஏறி வருகிற ரயிலைப் பிடித்தோம். மலைப்பாதை ரயிலைத் துரத்துவது சுலபம். அது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று வரும். கார் முந்திக்கொண்டு போய்க் காத்திருக்கலாம். அன்று வெளியே சாரல். குற்றாலத்தில் சீசன் முடிகிற நேரத்துச் சாரல், அதோடு இறுக்கமும். வேட்டி நுனிகூட ஈரமாகத்தான் இருக்கும். உள்ளே இவர் ஏசியைக் கடைசிவரை திருகி வைத்து, காற்று வருகிற துளைக்கு நேராக என் கேமரா பையைத் திறந்தபடி வைத்திருந்தார், மடியில் இடமில்லையாம். ஓட்டுநருக்கே பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, கண்ணாடி பூரா வேர்க்குது, ஏசியக் கொஞ்சம் அணைக்கட்டா?" என்று அவர் கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "இன்னும் அஞ்சு நிமிஷம்தானேப்பா" என்று பதில் சொன்னது நான் இல்லை.

பாலத்துக்கு எதிரே இறங்கினோம். கதவைத் திறந்த உடனே, குளிர்ந்த மோர்ச் சொம்பு வேர்ப்பதுபோல, லென்ஸ் முழுக்கப் பூத்துவிட்டது. வ்யூஃபைண்டரில் பாலுக்குள் பார்ப்பது மாதிரி வெள்ளை. கைக்குட்டையால் துடைத்தேன். நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குத் தெளிவு வந்தது. விளிம்பிலிருந்து ஆவி மெல்ல உள்ளே நகர்ந்து அதையும் மூடியது. மறுபடி துடைத்தால் மறுபடியும் அதேதான். யூவி ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் பூத்திருந்தால் துடைத்து என்ன பயன் என்று அப்போதுதான் உறைத்தது. ஃபில்டரைக் கழற்றப் பார்த்தால் திருகு இறுகியிருக்கிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டது. கண்ணுக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது: முன் இன்ஜின், பெட்டி பெட்டியாக ஜன்னல்களில் கையாட்டுகிறவர்கள், பின் இன்ஜின், அதன் புகை மரங்களில் தட்டிப் பாலத்தின் மேல் படிந்து நின்றது. காகிதத்தில் வரைந்தபடியே எல்லாம் நடந்தது. என் மெமரி கார்டில் இருப்பது வெள்ளை மூட்டத்தில் ஒரு கறுப்புக் கோடு.

இனிதான் வயிற்றெரிச்சல். ஏசி கேட்ட அந்த மனிதர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்தார், இரண்டு தட்டுத் தட்டினார், முடிந்தது. அவர் உடம்புச் சூட்டில் இருந்த கேமராவுக்கு ஆவி ஏன் பிடிக்கப் போகிறது! அந்தப் படத்தை இன்றுவரை காட்டிக்கொண்டிருக்கிறார். பார்த்தவர்கள் ஆஹா என்கிறார்கள். அடிவானம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதையும், வலது மூலையில் ஒரு ஜீப்பின் பாதி மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதையும் சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன். பின் இன்ஜின் அதில் இல்லவே இல்லை.

ஆகவே கவனியுங்கள். ஏசியில்தான் போயாக வேண்டும் என்றால் கேமரா பையை டிக்கியில் போடுங்கள். அங்கே குளிர் போகாது. டிக்கியில் இடமில்லையென்றால், இருக்கிற இடத்திலேயே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இறங்கிய பிறகும் அப்படியே வைத்திருங்கள். நீர் பைக்கு வெளியில்தான் பூக்கும். அரை மணி நேரத்தில் கேமரா வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். லாட்ஜில் ஏசி அறை எடுத்தாலும் இதே கதைதான், ராத்திரி கேமரா குளியலறையில் படுக்கட்டும். பூத்துவிட்டால் துடைக்காதீர்கள், வெயிலோ சூடான பானட்டோ எது கிடைக்கிறதோ அதற்குப் பக்கத்தில் பிடியுங்கள். அவசரத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது, ஈரம் உள்ளே போய் சென்சார் மேல் உட்காரும். காருக்குப் பணம் கொடுப்பவராக நீங்களே இருங்கள்.

மற்றதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பேட்டரி இரண்டு, கார்டு இரண்டு, மழைக்கு ஒரு குடை, குடையைப் பிடிக்க ஒரு ஆள். மலை வண்டி மெதுவாகத்தான் வரும், ஷட்டர் 250-இல் ஒரு பங்கு போதும். வெளிச்சம் இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், புள்ளி விழுந்தாலும் படம் படம்தான். தண்டவாளத்தில் நிற்காதீர்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பாலத்தின் மேலும் குகைக்குள்ளும் போய் நிற்பவர்களைச் சட்டம் பிடிக்கிறதோ இல்லையோ, வண்டி பிடித்துவிடும். பிளாட்பாரத்தில் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டுவிடுங்கள்.

ஏசியை நான் இவ்வளவு திட்டினாலும், அந்தப் படம் போனதற்கு அடியில் இன்னொரு காரணம் இருந்தது. கடைசி நாள் என்பதுதான் அது. வேறொரு நாளாக இருந்திருந்தால் அடுத்த வண்டிக்கு நின்றிருப்பேன், மறுநாள் வந்திருப்பேன். கடைசி நாள் படமெடுக்கிற நாளே இல்லை என்று இப்போது அடித்துச் சொல்வேன், மறுப்பவர்கள் மறுக்கட்டும். இன்ஜின் முகத்தில் மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நம்பரை மறைத்து யாரோ ஒரு சங்கத்தின் பேனர், பேனருக்கு முன்னால் அந்தச் சங்கத்தின் பொறுப்பாளர்கள். ஜன்னலில் வழக்கமாக வருகிற முகங்கள் ஒன்றும் இருக்காது. அன்றைக்கென்று ஏறியவர்கள், எல்லார் கையிலும் கேமரா. நீங்கள் அவர்களைப் படமெடுக்க, அவர்கள் உங்களைப் படமெடுக்க, நூறு வருஷம் ஓடிய வண்டி எங்கே இருக்கிறது? கல்யாண வீட்டில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் அன்றாடம் எப்படி இருந்தார் என்று சொல்ல முடியுமா?

2004 ஜூலையில் எழும்பூர்–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் நின்றபோதும் இதைத்தான் பார்த்தேன். 1931-இலிருந்து ஓடிய வண்டி. லட்சக்கணக்கானவர்கள் அதில் வேலைக்குப் போய் வந்தார்கள், நானும்தான். எல்லாரும் கேமராவோடு வந்தது கடைசி நாளில். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை மாம்பலத்தில் அது எப்படி நின்றது, கூட்டம் எப்படித் தொங்கியது என்று காட்டுகிற படத்தைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

அதனால்தான் அதே 2010 டிசம்பரில் மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் மூடப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும், கடைசி நாளுக்குக் காத்திருக்காமல் மாதத் தொடக்கத்திலேயே போனேன். தனியாகப் போனேன், பஸ்ஸில். அலுவலகத்தில் உடம்பு சரியில்லை என்று சொன்னது உண்மைதான், அதற்காக நான் வருந்தவில்லை. போடிப் பாதையில் பெரிய பாலமோ குகையோ கிடையாது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக் கொண்டுபோய், பிற்பாடு மறுபடி போட்ட பாதை. அங்கே வேலை நாளில், மாலை கட்டாத இன்ஜினோடு, உசிலம்பட்டியில் மூட்டையோடு ஏறியவர்களும் ஆண்டிப்பட்டிக் கணவாயில் காற்றுக்கு முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பெண்களுமாக வண்டி போயிற்று. தேனியில் ஊர் நடுவே கேட் போட்டதும் மதுரை ரோடே நின்றது. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னும் எத்தன நாளைக்குடா உன் ஆட்டம்" என்று வண்டியைப் பார்த்துச் சொன்னார். அந்த முகம் என்னிடம் இருக்கிறது, துல்லியமாக.

பெட்டிக்குள்ளேயும் எடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. மர இருக்கையின் விளிம்பு எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, ஜன்னல் கதவைத் தூக்குகிற பிடி எப்படி இருக்கிறது, வருஷா வருஷம் பெயின்ட் அடித்து அடித்து எழுத்தே மூழ்கிப்போன தகடு. போடி வண்டியில் ஒரு தகட்டை விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த பிறகு படத்தில் எழுத்து எழுந்து நின்றது. இன்ஜின் படம் ஆயிரம் பேரிடம் கிடைக்கும், இந்தத் தகடு கிடைக்காது. சத்தத்தையும் பதிவு செய்யுங்கள். போனை ஜன்னலோரம் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் பதிவுகளில் பாதியில் பக்கத்தில் இருந்தவர்களின் வர்ணனைதான் கேட்கிறது.

செங்கோட்டைப் பாதை 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தது. போய்ப் பார்த்தேன். பாலம் இருக்கிறது, அதே பதின்மூன்று கண்கள். மேலே போகிற பெட்டிகள்தான் அகலமாக, பாலத்துக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகின்றன. போடிக்கு வண்டி திரும்பி வர 2023 ஆயிற்று. இந்தப் புது ஓட்டங்களின் தொடக்க விழாவுக்கும் மாலை போட்டார்கள், வாழை கட்டினார்கள். நான் விழா முடிந்து பல வாரம் கழித்துத்தான் போனேன்.

இப்போது என் கவலை நீலப் பெட்டிகள். பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையிலிருந்து அந்தப் பழைய வகைப் பெட்டிகளில் கடைசியானது 2018 ஜனவரியில் வெளியே வந்தது. அதன் பிறகு அவற்றின் இடத்தில் புது வகையான எல்எச்பி பெட்டிகள்தான். வண்டி வண்டியாக மாற்றிக்கொண்டே வருகிறார்கள். இதற்குக் கடைசி ஓட்டம் என்று ஒரு நாள் குறிக்க மாட்டார்கள், மாலையும் வராது, பேனரும் வராது. ஒருநாள் காலை பிளாட்பாரத்தில் சிவப்புப் பெட்டி நிற்கும், அவ்வளவுதான். உங்கள் ஊர் பாசஞ்சரில் இன்னும் நீலம் ஓடுகிறதென்றால் இந்த வாரமே போய் ஏறுங்கள். ஜன்னல் கம்பிகளை எடுங்கள், மேல் பர்த் சங்கிலியை எடுங்கள், மின்விசிறியைச் சுழலவைக்கச் சீப்பை நுழைக்கிறவர் யாராவது இருந்தால் அவர் கையையும் எடுங்கள். பெட்டி எண்ணையும் தேதியையும் அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.