தவறவிட்ட எண்

அன்புள்ள தங்கைக்கு,

பேச்சைக் கேட்டபடியே வாய்மொழியாகப் பெயர்க்கும் உரைபெயர்ப்புப் பயிற்சியில் ஓர் எண்ணைத் தவறவிட்டதும், அடுத்து வந்த பேச்சு எதுவுமே காதில் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். நூற்றுக்கு 98 வாங்கினால் மீதி 2 எங்கே என்று கேட்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்தத் தவிப்பு வராமல் இருந்தால்தான் அதிசயம்.

டேனியல் ஜீல் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1999இல் ஒரு சோதனையை வெளியிட்டார். தொழில்முறை உரைபெயர்ப்பாளர்கள் 10 பேர் ஒரே பேச்சை அடுத்தடுத்து இருமுறை பெயர்த்தார்கள். இரண்டாம் முறை சில பிழைகள் திருந்தின, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் முதலில் சரியாகச் சொன்ன சில இடங்களில் இப்போது சறுக்கினார்கள். மொழி தெரியும், பேச்சும் தெரியும், கவனம்தான் எட்டவில்லை. கேட்பது, நினைவில் வைப்பது, பேசுவது, இவற்றை இணைத்து ஓட்டுவது எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரே கையிருப்பு. அது எப்போதும் தீரும் நிலையிலேயே இருப்பதால், இவர்கள் கயிற்றின் மேல் நடப்பவர்கள் என்றார் அவர்.

‘ஐயோ, விட்டுவிட்டேனே’ என்ற தவிப்புக்கும் அதே கையிருப்பிலிருந்துதான் எடுக்கிறாய். போன எண்ணுக்காக, வரும் வாக்கியத்தையும் இழக்கிறாய்.

இந்தத் தவிப்பைக் கையாள உதவுவது உணர்வுசார் நுண்ணறிவு. அப்படிச் சொன்னதும் சிரித்த முகமாக இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள் (பயிற்சிப் பட்டறைகள் செய்த கைங்கரியம்). 1990இல் உளவியலாளர்கள் சலோவே, மேயர் இருவரும் சொன்னது வேறு: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, இன்னதென்று பிரித்தறிந்து, அந்த அறிவைக்கொண்டு யோசிப்பது, நடப்பது.

இதற்கு, நாஜித் தலைவர்கள்மீது 1945இல் தொடங்கிய நூரம்பெர்க் விசாரணையைப் பார். உரைபெயர்ப்பாளர்கள் 12 பேர் கொண்ட 3 குழுக்கள், 4 மொழிகள். கொலைகாரனின் வாக்குமூலத்தையும் ‘நான்’ என்றே பெயர்க்க வேண்டும். தாங்க முடியாத சிலர் வேறு வேலைக்கு மாறினார்கள். பேச்சு வேகமெடுத்தால் மஞ்சள் விளக்கு எரியும். நிறுத்தச் சொல்லச் சிவப்பு. பிடிக்க முடியவில்லை என்று சொல்வதற்கு நீதிமன்றத்திலேயே வழி வைத்திருந்தார்கள். உன் வகுப்பில் அதைச் சொல்ல உனக்கு ஏன் கூசுகிறது?

திங்கட்கிழமை வகுப்புக்குள் போகுமுன் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசிவை: எண்ணும் பெயரும் வந்தால் அவர் தாளில் எழுதி உன் பக்கம் நகர்த்தட்டும், அவர் பெயர்க்கும் முறை வரும்போது நீ எழுது. அப்படியும் எண் நழுவினால் ‘பல’, ‘ஏறத்தாழ’ என்று தெரிந்த அளவில் சொல்லிக் கடந்துவிடு. ஊகித்த எண்ணை மட்டும் சொல்லாதே. வருத்தப்படுவதை ஒலிப்பதிவைக் கேட்கும் நேரத்துக்குத் தள்ளிவை. கேட்கும்போது சரியாக வந்த இடங்களையும் குறித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா