பச்சிளம் குழந்தையின் படத்துக்குப் பத்தாயிரம் வேண்டுமா?

வளைகாப்பு முடிந்த வாரத்திலேயே இந்தப் பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது. கூடைக்குள் சுருண்டு உறங்கும் குழந்தை, தலையில் பூ வளையம், பின்னால் பஞ்சு மேகம். இன்ஸ்டாகிராமில் இப்படி நாலு படம் பார்த்ததும் "நாமும் ஒரு நியூபார்ன் ஷூட் புக் பண்ணிடலாமா?" என்று தோன்றுவது இயல்புதான். சென்னை, கோவை போன்ற ஊர்களில் இதற்குச் சில ஆயிரங்களில் தொடங்கி இருபதாயிரத்துக்கு மேலும் கேட்கிறார்கள். வாடகையும் பிரசவச் செலவும் போக மிச்சம் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். தவணையிலோ கைமாற்று வாங்கியோ எடுப்பது அறவே வேண்டாம்.

போட்டோகிராபர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் அரை நாளை ஒரு குழந்தைக்கே கொடுக்கிறார். அறையை வெதுவெதுப்பாக வைக்கிறார், துணிகளைத் துவைத்து வைக்கிறார், குழந்தைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார மட்டும் ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறார். பிறகு கணினியில் மணிக்கணக்காக உட்கார்ந்து படத்தைச் சரிசெய்கிறார். அந்தக் காசு நியாயமான காசுதான். ஆனால் அதில் பெரும்பகுதி 'போஸ்' என்ற ஒன்றுக்காகப் போகிறது. பத்து வருடம் கழித்து நீங்கள் தேடப்போவது போஸை அல்ல, அந்த முகத்தை. முகத்துக்கு வேண்டியது நல்ல வெளிச்சமும் தூக்கமும்; இரண்டும் வீட்டில் இருக்கின்றன.

வீட்டில் எடுப்பதென்று முடிவு செய்தால் முதலில் ஓர் உறுதி எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்டூடியோ போஸ் எதையும் பார்த்துச் செய்யமாட்டோம். இரண்டு உள்ளங்கைகளில் தாடையை ஊன்றிக்கொண்டு குழந்தை தானே உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் குழந்தையும் அப்படி உட்காராது. ஒரு படத்தில் உதவியாளர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் கையைப் பிடித்திருப்பார். இரண்டையும் ஒட்டி, பிடித்த கைகளை அழித்துவிடுவார்கள். கூடை, கண்ணாடி ஜாடி, தொங்கவிட்ட துணி மூட்டை எதுவும் வேண்டாம். பச்சைக் குழந்தையின் கழுத்துக்கு வலு கிடையாது. தாடை நெஞ்சில் மடிந்து அழுந்தினால் மூச்சு தடைப்படும். எந்த நிலையில் கிடத்தினாலும் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். துணி சுற்றினால் கால்கள் மடங்கி அசைய இடம் விடுங்கள். நீட்டி இறுக்கிக் கட்டுவது இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். மல்லாக்கப் படுத்த குழந்தை, யாரோ ஒருவர் கையில் இருக்கும் குழந்தை. இந்த இரண்டே போதும்.

நேரம் பார்ப்பது சுலபம். முதல் இரண்டு வாரம்தான் குழந்தை நன்றாக உறங்கும், வயிற்றில் இருந்ததுபோலச் சுருண்டும் கிடக்கும். பால் கொடுத்து, ஏப்பம் வரவைத்து, உறங்கியபின் கால் மணி நேரம் பொறுங்கள். கையை லேசாகத் தூக்கிவிட்டால் தொய்ந்து விழ வேண்டும். அதுதான் ஆழ்ந்த தூக்கம். மின்விசிறியைக் குறைத்து ஏசியை நிறுத்துங்கள். அழுதால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நாளைக்கும் அதே குழந்தைதான், அதே ஜன்னல்தான். காசு கட்டி எடுக்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

இனி வெளிச்சம். பத்துப் பேரில் ஒன்பது பேர் இடறுவது இங்கேதான். விலை கூடின போன் வைத்திருப்பவர்களும் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு, கட்டிலின் நடுவில் குழந்தையைக் கிடத்தி, மேலே குனிந்து எடுக்கிறார்கள். தங்கள் நிழலே குழந்தைமேல் விழுகிறது. பிறகு போன் சரியில்லை என்கிறார்கள்.

எடுப்பதற்கு முன் அறையிலுள்ள எல்லா விளக்குகளையும் அணையுங்கள். எனக்கு இது விதி. ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், விளக்கு வெளிச்சம் இன்னொரு நிறம். இரண்டும் கலந்தால் குழந்தையின் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் வரும். அதை எடிட்டிங்கில் நேராக்குவது கடினம். ஃபிளாஷும் கூடாது, அது முகத்தைத் தட்டையாக்கிவிடும்.

அடுத்து, வெயில் நேரடியாக விழாத ஜன்னலைத் தேடுங்கள். வடக்கு ஜன்னல் இருந்தால் வருடத்தின் பெரும்பகுதியில் நாள் முழுக்கக் கவலையில்லை. கிழக்கு ஜன்னல் என்றால் பகல் பதினொன்றுக்கு மேல். மேற்கு ஜன்னல் என்றால் காலையில். கம்பி நிழல் கோடு கோடாக விழுகிறதென்றால் நேர் வெயில் வருகிறது என்று பொருள். நேரத்தை மாற்றுங்கள், அல்லது வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கம்பியில் கட்டிவிடுங்கள். கொசுவலை இருந்தால் பரவாயில்லை. நிறக் கண்ணாடி இருந்தால் திறந்துவிடுங்கள். ஜன்னல் சின்னதாக இருக்கும் வீடுகளில் நான் சொல்வது வாசல். கதவை முழுதாகத் திறந்து, வாசற்படிக்கு உள்ளே மூன்றடி தள்ளிப் பாயைப் போடுங்கள். காற்று நேராக அடிக்காத நேரமாகப் பார்த்துக்கொண்டால் இதைவிட நல்ல வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது.

இப்போது குழந்தையை எப்படித் திருப்பிக் கிடத்துவது என்பது. மொத்தப் படமும் இதில்தான் இருக்கிறது. குழந்தையின் கால் ஜன்னல் பக்கம் இருக்கக் கூடாது. கால் பக்கமிருந்து வரும் வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து ஏறி, மூக்குத் துவாரத்தையும் கண்ணிமையின் அடியையும் வெளிச்சமாக்கி, நெற்றியை இருட்டாக்கும். எவ்வளவு அழகான குழந்தையும் அதில் விகாரமாகத் தெரியும். வெளிச்சம் உச்சந்தலைப் பக்கமிருந்து, கொஞ்சம் சாய்வாக, முகத்தில் இறங்கி வர வேண்டும். தலையை ஜன்னலை நோக்கி வைத்து, பிறகு உடம்பை அரைக்கால் வட்டம் திருப்பினால் அந்தச் சாய்வு கிடைத்துவிடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூக்கின் நிழலைக் கவனியுங்கள். நிழல் ஒரு பக்கமாக உதட்டை நோக்கி இறங்கினால் சரி. நெற்றியை நோக்கி ஏறினால் தப்பு. தப்பென்றால் உறங்கும் குழந்தையைத் தூக்க வேண்டாம். முதலிலேயே சின்ன மெத்தையில் கிடத்தியிருந்தால், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெத்தையை அப்படியே தரையோடு தரையாகத் திருப்பிவிடலாம். எழுந்திருக்காது.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னம் ரொம்ப இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை நாற்காலியில் விரித்துப் போடுங்கள், அல்லது ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து நிழலை இளக்கும். நம் வீடுகளில் சுவருக்குப் பச்சை, ரோஸ், ஊதா என்று அடிப்பது வழக்கம். அந்த நிறமும் இதே மாதிரிதான் குழந்தையின் முகத்தில் வந்து ஒட்டும். வேட்டி அதையும் தடுக்கும். பக்கத்தில் நிற்பவர் சிவப்புச் சட்டையில் இருந்தால் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

போனில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். லென்ஸைத் துடையுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் 'பியூட்டி' வசதியை அணையுங்கள். பல போன்களில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். குழந்தையின் நிறத்தை மாற்றி வைத்துப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை என்பது என் உறுதியான எண்ணம். தோல் உரிவது, மூக்கில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பது எல்லாம் அந்த வயதுக்கு உரியவை, இருக்கட்டும். ஆனால் கண்ணும் தோலும் மஞ்சளாகத் தெரிந்தால் அது எடிட்டிங்கில் சரிசெய்யும் விஷயமல்ல. குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிட்டே போய் எடுக்காதீர்கள், மூக்கு பெரிதாகிவிடும். மூன்றடி தள்ளி நின்று 2x வைத்து எடுங்கள். கண்ணிமைமேல் தொட்டு ஃபோகஸை நிறுத்துங்கள். வெள்ளைத் துணியில் கிடந்தால் முகம் கறுக்கும், வெளிச்சத்தை ஏற்றுங்கள். கறுப்புத் துணியில் கிடந்தால் வெளுக்கும், இறக்குங்கள். மேலிருந்து எடுக்கும்போது போனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வது கட்டாயம். கை நழுவினால் போன் விழும் இடம் குழந்தையின் முகம். கீழே விரிக்க, துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்திச் சேலையே போதும், அம்மாவுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. புதுத் துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். கட்டாயம் அதுதான் வேண்டுமென்றால் அலசிவிட்டு விரியுங்கள்.

எதை எடுப்பது? முகத்தை எல்லோரும் எடுப்பார்கள். பிறந்த முடியோடு உச்சந்தலையை எடுங்கள். ஒரு வருடத்துக்குள் மொட்டை போட்டால் அந்த முடி திரும்ப வராது. ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பெயர்ச் சீட்டு, காது மடல், சுருங்கிய உள்ளங்கால், அரைஞாண் கயிறு. தாத்தாவின் முழங்கையில் ஒரு படம். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால்மேல் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்க்கும் படம் ஒன்று கண்டிப்பாக. எந்த ஸ்டூடியோவும் இதை உங்களுக்கு எடுத்துத் தர முடியாது. (துணியில்லாத படங்களை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.)

எல்லாவற்றையும்விட முக்கியம், அம்மா. அந்த இரண்டு வாரப் படங்களைப் புரட்டினால் அப்பா இருப்பார், அத்தை இருப்பார், சித்தப்பா இருப்பார், பெற்றவள் இருக்கமாட்டாள். "முகமெல்லாம் வீங்கியிருக்கு, தலைகூட வாரலை, வேணாங்க" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். விடாதீர்கள். முகம் காட்ட விருப்பமில்லையென்றால் தோளில் சாய்ந்த குழந்தையைப் பின்னாலிருந்து எடுங்கள், விரலைப் பற்றிய கையை எடுங்கள். பின்னாளில் பிள்ளை முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான்.

"முப்பது நாள் வரைக்கும் போட்டோ எடுக்கக் கூடாது" என்று பெரியவர்கள் சொன்னால் சண்டை போடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் பயப்படுவது ஊர்க் கண்ணுக்கு. யாருக்கும் அனுப்பமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எடுங்கள், வாக்கைக் காப்பாற்றுங்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு அப்படியே இருக்கட்டும், அழகுதான். கண்ணுக்குள் மை மட்டும் வேண்டாம், குழந்தை மருத்துவர்கள் தடுக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு படத்துக்காவது காசு கொடுக்க ஆசையிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். நம் ஊரில் முன்பு குழந்தை குப்புற விழுந்து தலை தூக்கியதும் ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போய் ஒரு படம் எடுப்பார்கள். அது நல்ல கணக்கு. மூன்று, நான்கு மாதத்தில் கழுத்து நின்றுவிடும், முகம் பார்த்துச் சிரிக்கும், பேர் வாங்கிய நிபுணர் தேவையில்லை, தெருமுனை ஸ்டூடியோக்காரரே எடுத்துவிடுவார். செலவும் சில நூறுகளில் முடியும். தொட்டில் போடும் விழாவுக்கு எப்படியும் போட்டோகிராபரை வரச் சொல்லியிருந்தால், விழா தொடங்குவதற்கு அரை மணி முன்னால் வரவழைத்து, மேலே சொன்ன ஜன்னலோரத்தில் தாயையும் பிள்ளையையும் எடுக்கச் சொல்லலாம்.

நியூபார்ன் ஷூட்டே வேண்டும், கையில் காசும் இருக்கிறது என்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். குழந்தையைப் பிடிக்கத் தனியாக ஆள் உண்டா? நாங்கள் பக்கத்திலேயே இருக்கலாமா? திருத்திய படங்கள் எத்தனை, கூடுதல் படத்துக்கு எவ்வளவு? சளி, காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளலாமா? எங்கள் குழந்தையின் படத்தை உங்கள் பக்கத்தில் போடுவீர்களா? கடைசிக் கேள்விக்குத் 'தள்ளுபடி தருகிறோம்' என்று பதில் வந்தால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நாலைந்து செட்டிங் அடங்கிய பேக்கேஜை விட்டுவிட்டு, ஒரே செட்டிங், ஒரு மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள். விலை இறங்கும்.

மிச்சப்பட்ட பணத்தில் ஒரு துளியைப் பிரிண்டுக்கு ஒதுக்குங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. படம் போனிலேயே கிடக்கிறது, போன் தண்ணீரில் விழுகிறது, எல்லாம் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் வாங்கிய படத்தைப் பிரிண்டுக்குக் கொடுக்காதீர்கள், அது சுருக்கப்பட்டிருக்கும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது போனையே கடைக்குக் கொண்டுபோங்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தில் ஒரு பிரதியும் ஏற்றிவையுங்கள். இருபது படத்தைத் தேர்ந்தெடுத்து, 4க்கு 6 அளவில், மினுமினுப்பு இல்லாத மேட் தாளில் போடுங்கள். ஆல்பத்தோடு சேர்த்து ஐநூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, ஊர், குழந்தையைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று எழுதுங்கள். அழுத்தாமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் எழுத்து முன்பக்கம் புடைத்துத் தெரியும்.