முளைகட்டிய பயறில் மிசல் செய்வோம்



கும்மிடிப்பூண்டி சிப்காட் வேனைப் பிடிக்க ஓடும் நம் பொன்னேரிப் பெண்கள் பலர் வெறும் டீயோடு கிளம்புகிறார்கள். பிறகு ரத்தசோகை, தலைசுற்றல் என்கிறார்கள். மகாராஷ்டிராவில் கோலாப்பூர், புனே, நாசிக் ஊர்களின் தெருக்கடைகளில் காலையில் விற்கும் காரமான பயறுக் குழம்புதான் மிசல். அங்கே நரிப்பயறு போடுவார்கள். நமக்குப் பச்சைப்பயறு போதும்.

செய்முறை (5 பேருக்கு)

1. கால் கிலோ பயறை இரவு முழுக்க ஊற வையுங்க. காலையில் தண்ணியை வடிச்சு ஈரத்துணியில் கட்டுங்க. மறுநாள் முளை விட்டிருக்கும். கொழகொழன்னு இருந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ கொட்டிடுங்க.

2. வெங்காயம் 2, இஞ்சி, பூண்டு, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் வதக்கி அரைக்கவும்.

3. கடுகு, சீரகம் தாளித்து, அரைத்த விழுது, தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கரம் மசாலா சேர்த்து எண்ணெய் பிரிய வதக்கவும்.

4. பயறு, உப்பு, 5 டம்ளர் தண்ணீர் சேர்த்து நன்கு வேகவிடவும். குழம்பு தண்ணியாகத்தான் இருக்கணும்.

5. மேலே மிக்சர், நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி தூவி, எலுமிச்சை பிழிந்து பன்னோடு சாப்பிடவும்.

"வேக வச்சா சத்து போயிடாதா மேடம்?" என்று கூட்டத்தில் கேட்கிறீர்கள். முளை வளரும் ஈரத்தில் கிருமியும் வளரும். அதனால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சையாகத் தரவே கூடாது. வேகும்போது குறையும் வைட்டமின் சி-யை எலுமிச்சை ஈடுகட்டும். பயறின் இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவும். டீயை ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்; சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது.

எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது நம் பழக்கம். இந்த முறை முதலிலேயே உங்கள் பங்கை எடுத்து வையுங்கள்!