வேடந்தாங்கலுக்கு ஒரு இரவாவது தங்கப் போங்கள்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால், 'இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரில் வாடகை கொடுத்துத் தங்க வேண்டுமா?' என்று கேட்பது நியாயம்தான். ஆனால் பறவைகள் நம் நேரத்துக்கு நடமாடுவதில்லை. விடியலில் இரைதேடிக் கிளம்பும் கூட்டம் மாலை நாலு மணிக்கு மேல்தான் திரும்பும். ஏரிக்குள் நிற்கும் மரக்கிளையில் நத்தைகுத்தி நாரை குஞ்சுக்கு இரை கக்கிக் கொடுப்பதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு அவகாசம் வேண்டும். உச்சிவெயிலில் வந்து திரும்புகிறவர்களுக்கு இவை தப்பிவிடும்.

செலவுதான் தயக்கமென்றால், இரண்டு குடும்பங்கள் சேர்ந்து மதுராந்தகம் பக்கம் சமையலறையுள்ள வீடு எடுங்கள். சாப்பாட்டுச் செலவும் குறையும். முன்பணம் கட்டுமுன் கொசுவலை, குடிநீர், இன்வெர்ட்டர், முதியோருக்குத் தரைத்தள அறை உண்டா என்று கேளுங்கள். சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை. மழை பொய்த்தால் ஏரி வற்றும், பறவையும் குறையும். எனவே ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, சரணாலயம் திறந்திருக்கிறதா என விசாரித்த பிறகே தேதி குறியுங்கள். பைனாகுலர் அவசியம். பட்டாசும் ஒலிபெருக்கியும் வேண்டவே வேண்டாம்: எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்து, தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்துவரும் ஊர் அது. 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரியில் நாமும் அதே மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும்.