பக்கத்துக் கட்டில்காரர் சொன்னது

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன என்று தெரிந்ததும், இடது கையில் பிஸ்டுலா போட வேண்டும் என்றார்கள். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கிற சின்ன ஆபரேஷன். டாக்டர் தாளில் படம் வரைந்து விளக்கினார். அண்ணன் தலையாட்டினார்; ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர், “பயப்படாதீங்க தம்பி, இங்க வைங்க” என்று அண்ணனின் இரண்டு விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டுக்கு மேலே வைத்தார். தோலுக்கு அடியில் கிர்ரென்று ஓர் அதிர்வு. மடியில் படுத்திருக்கும் பூனையைத் தடவினால் கைக்கு வருமே, அது மாதிரி.

“இது ஓடிக்கிட்டே இருக்கணும். காலையில எந்திரிச்சதும் தொட்டுப் பாருங்க. நின்னுபோச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்திரணும். இந்தக் கையில பிரஷர் பாக்க விடாதீங்க, ரத்தம் எடுக்க விடாதீங்க, தலைக்கு வச்சுப் படுக்காதீங்க.”

அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. சிறுநீரக மருத்துவர்கள் எல்லாரும் சொல்வது அதைத்தான். அண்ணனுக்குப் புரிந்தது அந்தப் பெரியவர் கையைத் தொட்டபோதுதான்.

அதே பெரியவர் அடுத்த வாரம் இன்னொன்று சொன்னார்: “இன்சுலினை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு. சுகர் தானாப் போயிடுச்சு. நீங்களும் நிறுத்திப் பாருங்களேன்.” அக்கறையில் குறைவில்லை. ஆனால் இந்த யோசனை அண்ணனைக் கொன்றிருக்கக்கூடும். அந்தப் பெஞ்சில் வருடக்கணக்காக உட்கார்ந்து எழுந்ததில், நோயாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் எது மருந்து, எது விஷம் என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் பழகியிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்பிக்கை: “மற்ற நோயாளிகள் பேச்சைக் காதில் வாங்காதே. பயம்தான் மிஞ்சும்.”

சொந்தக்காரர்கள் சொல்வது இது. சில டாக்டர்களும் சொல்வார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், மிஷினோடு கட்டுண்டு கிடப்பது எப்படி இருக்கும் என்பது கிடந்தவருக்குத்தான் தெரியும். தாகத்தை எப்படி அடக்குவது? வாய் கொப்பளித்துத் துப்பு, ஒரு சின்ன ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொள், பெரிய சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு நூறு மில்லி டம்ளரில் குடி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஊறுகாயையும் அப்பளத்தையும் விடு, உப்பு குறைந்தால் தாகம் தானாகக் குறையும். இவ்வளவையும் அண்ணன் கற்றது பக்கத்துக் கட்டில்களில் இருந்துதான். கெண்டைக்கால் இழுக்கப் போகிறது என்று தோன்றிய உடனேயே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்பதும் அங்கே கற்றதுதான்.

அரசு காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம் என்பதும், வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்பதும் பல குடும்பங்களுக்குப் பெஞ்சுப் பேச்சில்தான் தெரியவருகிறது.

நோயாளியின் அனுபவம் சட்டத்தையே மாற்றியிருக்கிறது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், கையில் நிரந்தரமாகப் பொருத்தும் டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். நாள்பட்ட சிறுநீரக நோயாளி ஆண்டுக்கணக்கில் உயிர்வாழலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ், போயிங் ஆலைத் தொழிலாளி, மேலும் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் செலவு மலைபோல. சிகிச்சை இருந்தது, காசில்லாதவர்கள் செத்தார்கள். 1971 நவம்பர் 4-ஆம் தேதி ஷெப் கிளேசர் என்ற டயாலிசிஸ் நோயாளி, அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால், டயாலிசிஸ் மிஷினோடு இணைக்கப்பட்ட நிலையிலேயே உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். மிஷின் ஓடியது சில நிமிடங்கள்தான். அடுத்த ஆண்டே சிறுநீரகம் செயலிழந்தவர்களின் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் சட்டம் வந்தது. கிளேசர் ஒருவரால் மட்டும் அது நடந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் பலர் பல ஆண்டுகள் உழைத்திருந்தார்கள். ஆனாலும் நோயாளி வாய் திறந்தால் பயம் மட்டும்தான் மிஞ்சும் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

நம்பிக்கை: “அவருக்கும் கிட்னி பிரச்சினை, எனக்கும் கிட்னி பிரச்சினை. அவருக்கு ஒத்துக்கொண்டது எனக்கும் ஒத்துக்கொள்ளும்.”

வம்பு தொடங்குவது இந்த இடத்தில்தான். பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ‘கிட்னி பிரச்சினை’. முதலாமவருக்குச் சிறுநீரகத்தில் கல். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருக்கிறார். இரண்டாமவருக்குச் சிறுநீரகம் பாதி பழுதாகியிருக்கிறது, டயாலிசிஸ் நிலைக்கு இன்னும் வரவில்லை. புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். முட்டை, கறி, பருப்பு எல்லாம் அளவோடு. மூன்றாமவர் டயாலிசிஸ் செய்கிறவர். அவர் தண்ணீரைக் குறைக்க வேண்டும், புரதத்தைக் கூட்ட வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு டயாலிசிஸிலும் கழிவோடு சேர்ந்து புரதச் சத்தும் உடம்பை விட்டுப் போகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 72 கிராம் வரை புரதம் வேண்டியிருக்கும்.

இப்போது இந்த மூன்று பேரும் தங்கள் அனுபவத்தை மாற்றிக்கொள்ளட்டும். முதலாமவர், “ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிங்க, கிட்னி கழுவி விட்ட மாதிரி ஆயிடும்” என்கிறார். அதை நம்பி டயாலிசிஸ்காரர் குடித்தால், சிறுநீர் பிரியாத உடம்பில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கால் வீங்கும், நுரையீரலில் சேரும், ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும். இரண்டாமவர், “நான் முட்டையை விட்டு ஒரு வருஷம் ஆச்சு, அதான் தப்பிச்சேன்” என்கிறார். அதை நம்பி டயாலிசிஸ்காரர் முட்டையை விட்டால், மாதத்துக்கு மாதம் சதை கரைந்து துரும்பாகிவிடுவார். அண்ணன் அப்படித்தான் இளைத்துப்போனார். அண்ணி பாசத்தோடு கஞ்சியும் ரசமும் கொடுத்துக்கொண்டிருந்தார். “முட்டை வெள்ளைக்கருவை யார் நிறுத்தச் சொன்னது?” என்று டயட்டீஷியன் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. மூன்று பேரில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. மூன்று பேருக்கும் நோய் வேறு வேறு.

இளநீரையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர் கையில் இளநீர் இல்லாமல் வருவதில்லை நம் ஊரில். ஒரு முழு இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருப்பது சாதாரணம். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் நோயாளிக்கு அது ரத்தத்திலேயே தங்கும். அளவு ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். வலி இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல் வரும் ஆபத்து இது. ‘குறைந்த சோடியம்’ என்று எழுதி விற்கும் உப்பும் அப்படித்தான், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். இந்துப்பு நல்லது என்பார்கள்; அதுவும் பெரும்பாலும் சாதாரண உப்பேதான். ஸ்டார் ஃப்ரூட் என்று விற்கும் தமரத்தங்காயை ஒரு துண்டுகூடத் தொட வேண்டாம். அதில் உள்ள நச்சு சிறுநீரக நோயாளிக்கு விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்திருக்கிறது. காய்கறியைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். எதிர்க் கட்டில் அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்த முறை இது. டயட்டீஷியனிடம் கேட்டோம், சரி என்றார். அதுமுதல் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

நம்பிக்கை: “எனக்கு கிரியேட்டினின் எட்டு, உங்களுக்கு ஆறுதானே? நீங்க தேவலாம்.”

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, தசையிலிருந்து வரும் ஒரு கழிவு. ரத்தத்தில் அந்த எண் தசையின் அளவையும் பொறுத்தது. நோஞ்சலான பாட்டிக்கு இரண்டு என்பதும், மூட்டை தூக்கும் இளைஞனுக்கு இரண்டு என்பதும் ஒன்றல்ல. பாட்டியின் சிறுநீரகம் அவனுடையதைவிட மிக மோசமாக இருக்கலாம். உங்கள் எண்ணை உங்கள் போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நம்பிக்கை: “கிட்னி போனால் சுகர் குணமாகிவிடும்.”

பெரியவரின் இன்சுலின் கதைக்கு வருகிறேன். அவர் சொன்னது அவரளவில் நடந்த உண்மை. அவருடைய சர்க்கரை அளவு இறங்கியிருந்தது. இன்சுலினை உடைத்து அப்புறப்படுத்தும் வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும். பசி குறைந்து சாப்பாடும் குறைந்திருக்கும். ஆகவே முன்பு போட்ட அளவு அதிகமாகிவிடும், சர்க்கரை தாழ்ந்துபோகும். இது குணமல்ல, சிறுநீரகம் கெட்டதன் அடையாளம். சிலருக்கு அளவைக் குறைக்க வேண்டும், சிலருக்கு நிறுத்தவும் வேண்டியிருக்கும், சிலருக்குத் தொடர்ந்தே ஆக வேண்டும். அண்ணனுக்கு அப்போது வேளைக்கு வேளை இன்சுலின் தேவைப்பட்டது. அதை முடிவு செய்ய வேண்டியது சர்க்கரைப் பரிசோதனையும் டாக்டரும்தான், பக்கத்துக் கட்டில்காரர் அல்ல.

நம்பிக்கை: “டயாலிசிஸ் ஒரு தடவை போட்டால் விடவே விடாது. அதனால் தள்ளிப் போடு.”

பாம்புக் கடி, எலிக்காய்ச்சல், கடுமையான வயிற்றுப்போக்கு போன்றவற்றால் திடீரென்று சிறுநீரகம் நின்றுபோனவர்களில் பலர், சில வாரங்கள் டயாலிசிஸ் செய்து, சிறுநீரகம் மீண்டதும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நாள்பட்ட நோயில் டயாலிசிஸ் தொடர்வதற்குக் காரணம் நோய்; மிஷின் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. தள்ளிப் போட்டவர்கள் பிஸ்டுலா போட்டு அது பழுக்க ஆறு வாரமாவது காத்திருக்க நேரமில்லாமல், நடுராத்திரியில் மூச்சுத் திணறி வந்து, கழுத்தில் குழாய் செருகிக்கொள்கிறார்கள். கழுத்துக் குழாயில் கிருமி தொற்றும் அபாயம் பிஸ்டுலாவைவிட அதிகம்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. “மாத்திரையை விட்டு ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே” என்று ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். உடம்பு அந்த உறுப்பை வெளியாளாகவே கடைசிவரை பார்க்கும். எதிர்ப்பை அடக்கும் மாத்திரையை நிறுத்தினால், வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே தாக்குதல் நடந்துகொண்டிருக்கும். தெரியவரும்போது உறுப்பு போயிருக்கும். கொடுத்தவர் பெரும்பாலும் ஒரு தாய், மனைவி அல்லது அக்காவாக இருப்பார். அவர் உடம்பிலிருந்து வந்தது அது.

நம்பிக்கை: “எங்க ஊர்ல ஒருத்தர் பச்சிலை சாப்பிட்டு டயாலிசிஸையே நிறுத்திட்டார்.”

இந்தக் கதை இல்லாத வார்டு கிடையாது. விசாரித்துப் பார்த்தால், நிறுத்தியவர் மேலே சொன்ன பாம்புக் கடி ரகமாக இருப்பார். அவருடைய சிறுநீரகம் எப்படியும் மீண்டிருக்கும். அந்த நாட்களில் பச்சிலையும் சாப்பிட்டிருப்பார், பெயர் பச்சிலைக்குப் போய்விடும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. காரணம் அதில் கலந்திருந்த அரிஸ்டோலோகியா வகைச் செடி. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அதே வகை, அதே நச்சு அமிலம் அதிலும் உண்டு. பச்சிலை எல்லாம் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. பழுதான சிறுநீரகம் சில சாதாரண வலி மாத்திரைகளைக்கூடத் தாங்காது. ஆகவே எதைச் சாப்பிட்டாலும் சிறுநீரக மருத்துவருக்குத் தெரிந்து சாப்பிடுங்கள்.

காய்கறி வேகவைக்கும் முறையைச் சொன்ன அந்த எதிர்க் கட்டில் அக்கா, இரண்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகு ஒரு நாள் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார். மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பொடியை எட்டு மாதம் சாப்பிட்டாராம். அதற்கு முன் சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லையாம். “கொடுத்தது எங்க வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தம். வெளிய சொன்னா சண்டை வரும் தம்பி. எனக்கும் வெக்கமா இருக்கு, படிச்சவ ஏமாந்துட்டேனேன்னு.” பொடிதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது பற்றி அவர் டாக்டரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்கிறார். கெடுதல் நேர்ந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். செத்தவர் பெஞ்சுக்கு வருவதே இல்லை. ஆகவே நம் காதுக்கு வரும் கதைகளில் பாதி எப்போதும் குறைகிறது. உங்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது, ஒரு பொடியாலோ மாத்திரையாலோ யாரோ சொன்ன யோசனையாலோ கெடுதல் நேர்ந்திருந்தால், தயவுசெய்து முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறகு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் சொல்லுங்கள். ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அக்கா.