வேக அபராதம்: கட்டுவதா, மறுப்பதா?

தொப்பூர் கணவாயைக் கடந்து வந்த பிறகு, வேகமாகப் போனதாகச் செல்போனுக்கு அபராதச் செய்தி வந்திருக்கிறதா? பணம் கட்டும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. செய்தியில் வந்த லிங்க்கைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ‘ஏபிகே’ கோப்பாக வரும் சலான் மோசடி. திறந்தால் வங்கிப் பணம் போய்விடும். பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

2. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டி எண்ணில் ‘டிஎன் 29’ போன்ற தொடக்கத்துக்குப் பின் வரும் எழுத்தும் எண்ணும், வண்டியின் நிறம், மாடல், நேரம் எல்லாமே ஒத்துப்போக வேண்டும். மங்கலான படத்தில் 3 என்பது 8 போலத் தெரியும்; வேறு யாரோ ஓட்டிய வேகம் உங்கள் தலையில் விழும்.

3. படத்தில் உள்ள எண் உங்களுடையது இல்லை என்றால் பாஸ்டேக் பதிவை எடுத்து வையுங்கள். அந்த வழியில் உள்ள பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்தீர்களா, எப்போது கடந்தீர்கள் என்பது அதில் தெரியும்.

4. தவறு உங்களுடையது என்றால் கட்டிவிடுங்கள். காருக்கு முதல் முறை 1,000 ரூபாய். கோர்ட்டுக்கு அலைந்தால் ஒரு நாள் வேலையும் போகும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து மோதி எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. அங்கே வேக வரம்பு வெறும் கெடுபிடி இல்லை.

5. மறுப்பதானால் பணம் கட்டாதீர்கள். கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். தளத்திலேயே படத்தோடு புகார் பதியுங்கள். தீராவிட்டால் கோர்ட்டில் சொல்லுங்கள்.

6. கண்டுகொள்ளாமல் மட்டும் விடாதீர்கள். நிலுவை இருந்தால் வண்டியை விற்கும்போது பெயர் மாற்றம் தடைபடலாம்.