வண்டிக் குதிரைகளின் கால்நாண் சேதமும் அதன் பரிகாரமும்

கடலூரும் சிதம்பரமும் குதிரையை நெடுங்காலமாக அறிந்த ஊர்கள். குதிரை வாங்கச் சென்ற பாண்டிய மந்திரியாகிய மாணிக்கவாசகர் தில்லையில் முத்தி பெற்றார் என்பது புராணம். தில்லைக் கோயிலின் நிருத்த சபையும் குதிரை பூட்டிய தேரின் வடிவில் அமைந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பெரும்பொருள் கொடுத்துக் கடல் வழியே தருவிக்கப்பட்ட குதிரைகள், பராமரிப்பும் லாடம் அடிப்பாரும் இன்மையால் விரைவில் மடிந்தன என்று எழுதிவைத்தார். பிற்காலத்தில் இரயிலில் வந்திறங்கிய யாத்திரிகரை ஜட்கா வண்டிகள் ஊருக்குள் ஏற்றிச் சென்றன. மோட்டார் வாகனங்கள் பெருகியபின் குதிரைகளின் தொகை குறைந்தது. ஆயினும், ஒரு குதிரையைக் கொண்டு பிழைக்கும் குடும்பத்திற்கு அதன் கால்களே மூலதனம். அம்மூலதனத்தை அழிப்பவற்றுள் கால்நாண் சேதம் முதன்மையானது.

நாணும் பந்தகமும்

குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே சதை கிடையாது. மேலேயுள்ள சதையின் வலிமை கயிறு போன்ற நாண்களின் வழியாகக் குளம்பு வரை இறங்குகிறது. சதையை எலும்போடு சேர்ப்பது நாண். எலும்பை எலும்போடு கட்டுவது பந்தகம். காலின் பின்புறத்தில் மேல்நாண், உள்நாண் என இரண்டும், அவற்றிற்கும் எலும்பிற்கும் இடையே தாங்கு பந்தகம் ஒன்றும் உள்ளன. குளம்பிற்குச் சற்று மேலுள்ள கணுமூட்டு தரையில் படாதவாறு தாங்குபவை இவையே. ஜனங்கள் இவற்றை ‘நரம்பு’ என்றும், இவற்றின் சேதத்தை ‘சுளுக்கு’ என்றும் வழங்குவர். நரம்பு என்பது உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் வேறோர் உறுப்பு. இச்சேதமும் உருவிவிட்டால் தீரும் சுளுக்கு அன்று.

குதிரையின் பாரத்தில் 100-க்கு 60 பங்கு முன்னங்கால்களின்மேல் விழுகிறது. ஓடும்போது நாண் வில்லைப்போல நீண்டு சுருங்கும். விரைந்த ஓட்டத்தில் அது அறுந்துபோகும் எல்லைக்கு வெகு அருகில் நீள்கிறது. எனவே முன்னங்காலின் மேல்நாணே மிகுதியும் சேதமடைகிறது.

காரணங்கள்

களைப்பே பெருங்காரணம். சதை தளர்ந்தபின் பாரம் முழுவதும் நாணின்மேல் விழுகிறது. கடற்கரையின் ஆழ்ந்த மணலிலும், மழைக்காலத்துக் களிமண் சேற்றிலும் கால் புதைந்து இழுபடுவதால் நாண் வருந்தும். பல நாள் கட்டிக் கிடந்த குதிரையைத் திடீரென நெடுந்தூரம் ஓட்டுவதும் தீது. குளம்பின் முனை நீண்டு குதி தாழ்ந்திருப்பின் உள்நாண் சதா இழுபட்டிருக்கும். ஆதலால் 6 வாரங்களுக்கு ஒருமுறையேனும் லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவித் திருத்துதல் வேண்டும்.

அதிபாரமும் ஒரு காரணம். 1965-ஆம் ஆண்டின் பாரமிழுக்கும் பிராணிகள் வதைத்தடுப்பு விதிகளின்படி, இரு சக்கர வண்டியில் பூட்டிய ஒரு குதிரை காற்றுச் சக்கரமாயின் 750 கிலோகிராமும், அஃதில்லையேல் 500 கிலோகிராமும் இழுக்கலாம். மட்டக் குதிரைக்கு இவ்வளவு முறையே 600, 400 ஆகும். நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது.

அடையாளங்கள்

தினந்தோறும் வண்டியை அவிழ்த்தபின் இரு முன்னங்கால்களின் பின்புறத்தையும் கையால் தடவி ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரு காலில் மட்டும் சூடு, சிறு தடிப்பு, அழுத்தும்போது நோவு ஆகியவை காணின், நொண்டல் இல்லாவிடினும் அதனை நாண் சேதத்தின் தொடக்கம் என்று கருதி வேலையை நிறுத்துக. சேதம் மிகுந்தால் காலின் பின்புறம் வில்லைப்போலப் புடைக்கும். மெல்லோட்டத்தில் நோயுற்ற முன்னங்கால் தரையில் ஊன்றும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். கணுமூட்டு தரையை நோக்கி இறங்கிவிட்டால் நாண் அறுந்திருக்கக்கூடும். குதிரையை நடத்தாமல் வைத்தியரை அங்கேயே அழைத்தல் வேண்டும்.

முதல் சிகிச்சை

முதல் இரண்டு நாட்களில் குளிர்ச்சியே சிறந்த மருந்து. கிணற்று நீரைக் காலில் தாரையாக விடலாம். பனிக்கட்டி கிடைப்பின் துணியில் சுற்றி ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிஷம் வரை ஒற்றலாம். நாளில் பலமுறை இவ்வாறு செய்க. பின்னர்ப் பஞ்சைத் தடிப்பாக வைத்துச் சீராகக் கட்டுக. பஞ்சின்றிக் கயிற்றாலோ கந்தலாலோ இறுக்கிக் கட்டினால் கட்டே நாணை அறுக்கும். பாரத்தைத் தாங்கும் மறுகாலுக்கும் கட்டு வேண்டும்.

சூட்டுக்கோலால் சுடுவதும், சேராங்கொட்டை எண்ணெய் தடவிப் பொக்குளம் எழுப்புவதும் பழைய வழக்கங்கள். சுடுவதனால் நாண் விரைந்து ஆறுவதில்லை என்பதை இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 1983-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. சுட்ட குதிரைகள் சில குணமடைந்தமைக்குக் காரணம், புண் ஆறும் வரை அவற்றிற்குக் கிடைத்த ஓய்வேயன்றிச் சூடு அன்று.

நொண்டல் நின்றது குணம் ஆகாது

இப்பாடத்தின் முக்கிய விஷயம் இதுவே. நாணிற்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆதலால் அது மெதுவாகவே ஆறும். வீக்கமும் நோவும் சில வாரங்களில் அடங்கிவிடும். அறுந்த இழைகள் கூடி உறுதிப்படுவதற்கோ 9 முதல் 12 மாதங்கள் வேண்டும். கொடிய சேதமாயின் 18 மாதங்களும் ஆகலாம். கூடிய பின்பும் அத்தழும்பு பழைய நாணைப்போல நீண்டு கொடுப்பதில்லை. நோவு நின்ற குதிரையை மூன்றாம் வாரத்தில் வண்டியில் பூட்டுவது, ஒட்டுப் போட்ட பானையை ஈரம் உலருமுன் அடுப்பேற்றுவது போலாகும். நோவை மறைக்கும் ஊசி போட்டுப் பூட்டுவது அதனினும் கேடு.

ஓய்வு என்பது கட்டிப்போட்டு மறப்பதும் அன்று. வைத்தியர் அனுமதித்த நாள் முதல் கையில் பிடித்துச் சமதரையில் நாள்தோறும் சில நிமிஷம் நடத்தி, வாரந்தோறும் சிறிது கூட்டுதல் வேண்டும். நடைப்பயிற்சி சில மாதம் நிறைந்தபின்பே மெல்லோட்டம். பாரம் அனைத்திற்கும் கடைசி. இழைகள் கூடியுள்ள அளவை ஒலியலைப் படக்கருவியால் காணலாம்.

சங்கத்தின் கடமை

குதிரைக்காரர் பலரும் இவ்வுண்மையை அறியாதவர் அல்லர். பகலில் வண்டி ஓடாவிடில் இரவில் அடுப்பு எரியாது. கடன் தவணையும் காத்திராது. ஆகையால் நொண்டும் குதிரையைப் பூட்டுகின்றனர். நாண் மீண்டும் அறுகிறது. குதிரையும் போய்க் கடனும் நிற்கிறது. ஒரு வருஷ ஓய்வினால் மீளக்கூடிய பிராணி ஒரு மாத அவசரத்தால் அழிவது உடையவருக்கும் கடன் கொடுத்த சங்கத்திற்கும் ஒருங்கே நஷ்டமாகும். வைத்தியர் சான்று அளித்தவிடத்துத் தவணையைத் தள்ளிவைப்பதும், தீவனத்திற்குச் சிறு கடன் உதவுவதும் தருமம் மட்டும் அன்று. சங்கத்தின் முதலைக் காக்கும் வழியும் ஆகும். குதிரை வாங்கக் கடன் அளிக்குமுன் அதனைக் கெட்டித் தரையில் ஓடவிட்டு, நான்கு கால்களையும் தடவிப் பார்த்து, பழைய தழும்பு உண்டா என்று அறிதல் நன்று. உழவு மாட்டின் கால்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

கூட்டத்தில் ஆலோசிக்கத் தக்க வினாக்கள்

1. நாணிற்கும் பந்தகத்திற்கும் உள்ள வேற்றுமை யாது?

2. முன்னங்கால் நொண்டலைக் குதிரையின் தலையசைவால் அறிவது எங்ஙனம்?

3. முதல் இரண்டு நாட்களில் செய்யத் தக்கவை எவை? தகாதவை எவை?

4. நொண்டல் நின்றபின்னும் குதிரையைப் பூட்டலாகாது என்பது ஏன்?

5. அங்கத்தினர் ஒருவரின் குதிரை ஓராண்டு ஓய்விலிருக்க நேர்ந்தால், நமது சங்கம் அவருக்கு எவ்விதத்தில் உதவக்கூடும்?